தொழிலில் பெயரும் வேண்டும், உடம்பும் தாங்க வேண்டும்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சுண்ணாம்புச்சுவர் (காரைக்குடி)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சிவில் என்ஜினியர், படித்ததும் இங்கேதான். பழைய வீடுகளைச் சரிசெய்து கொடுக்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு, ஓதம் ஏறிய சுவர், ஒழுகுகிற மெட்ராஸ் டெரஸ் (மரச்சட்டத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை), இதுதான் என் பக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், அந்தப் பக்கம் கடியாபட்டி வரை வேலை நடக்கிறது. வேலையில் குறை இல்லை, பிடித்துத்தான் செய்கிறேன்.

"சுண்ணாம்பு வேலையா, அந்தப் பெண்ணைக் கேளுங்கள்" என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக நான் தலையில் ஏற்றிக்கொண்ட மற்ற வேலைகள்தான் இப்போது ஆளைத் தின்கின்றன. தினமும் ஒரு ரீல்ஸ், வாரம் ஒரு இங்கிலீஷ் பதிவு, கல்லூரிகள் கூப்பிட்டால் பேச்சு, ஞாயிற்றுக்கிழமை ஓட்டலுக்கு வரும் விருந்தாளிகளைத் தெருத்தெருவாகக் கூட்டிப் போவது என்று போகிறது. இதற்கு மேல் ராத்திரி மீட்டிங். இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஒரு வீட்டுக்கு எட்டுப் பங்கு என்றால் ஒரு பங்கு சிங்கப்பூரில், ஒன்று மலேசியாவில், இரண்டு அமெரிக்காவில், மிச்சம் சென்னையில் இருக்கும், இத்தனை பங்காளிகளுக்கும் தோதான நேரம் என்று ஒன்று இருந்தால் அது எனக்குச் சாப்பிட்டுப் படுக்கும் நேரம்.

போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது. சுண்ணாம்பில் கலக்கும் கடுக்காய் ஊறிய தண்ணீரின் வாசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும், இப்போது அதுகூட எரிச்சலாக வருகிறது. லீவு போட்டால் பெயர் போய்விடும் என்று பயம். ஒரு ஓட்டல் நான் செய்த முகப்பையும் தாழ்வாரப் பத்தியையும் படம் பிடித்து எங்கெங்கோ போடுகிறது, என் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. அதைப் பார்த்தால் இன்னும் அதிகமாகப் பதிவு போட வேண்டும் என்றுதான் கை பரபரக்கிறது.

சொந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள். எதை விட்டீர்கள், விட்டதால் பெயர் போயிற்றா?

கோட்டையூரான்

வெயிலில் சைட் வேலை பெண்களுக்குக் கஷ்டம்தான் தங்கச்சி. டீச்சர் வேலைக்கு ஏதாவது முயற்சி பண்ணலாமே. தப்பா எடுத்துக்காதீங்க.

தேன்குழல் (தேவகோட்டை)

தப்பாகத்தான் எடுத்துக்கொள்வோம் அண்ணே. வெயில் கஷ்டம் என்று அவர் எங்கேயும் எழுதவில்லை, மறுபடி ஒரு தடவை படியுங்கள். இந்த ஊரில் சித்தாள் வேலைக்கு எத்தனை பெண்கள் வெயிலில் மண் சுமக்கிறார்கள், அவர்களிடம் போய் டீச்சராகச் சொல்வீர்களா?

அக்கா, நாங்கள் விசேஷங்களுக்குப் பலகாரமும் சாப்பாடும் செய்து கொடுக்கிறோம், அம்மா காலத்திலிருந்து. அம்மாவுக்கு ஓய்வு என்பது காலண்டரிலேயே இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, அடுப்படி ஆட்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், அம்மாவும் பாத்திரங்களுக்கு ஈயம் பூசக் கொடுத்துவிட்டுப் படுத்துத் தூங்குவார். என் காலத்தில் அது இல்லை. டிசம்பர் என்றால் டூரிஸ்ட் சீசன், வெளிநாட்டுச் சொந்தங்கள் பிள்ளைகளின் லீவுக்கு வருவார்கள், வீட்டுச் சாப்பாடு காட்டு, சமையல் வகுப்பு எடு, வீடியோ எடுக்க ஆள் வருகிறது என்று மார்கழிதான் எனக்கு ரொம்பக் கூட்டமான மாதம். அதனால் ஆடியையாவது விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன். ஆடியில் என்ன ஆர்டர் வந்தாலும் இல்லை. முதல் வருஷம் இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் "அவங்க ஆடியில செய்ய மாட்டாங்க" என்று அவர்களே மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள், அதுவே ஒரு கெத்தாகிப் போனது.

குன்றக்குடி டாக்டர்

பொதுமருத்துவம் பார்ப்பவன், மனநல நிபுணர் அல்ல, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் சொல்வதைத்தான் பர்ன்அவுட் என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019ல் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இதை விளக்கியபோது தனி நோயாகச் சேர்க்கவில்லை, வேலையோடு மட்டும் தொடர்புடைய ஒரு நிலை என்றே சொன்னது. மூன்று விஷயம் சேர்ந்து வரும். சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்போ விலகலோ வருவது, நாம் செய்வதற்குப் பலன் இல்லை என்று தோன்றுவது. கடுக்காய்த் தண்ணீர் வாசனை எரிச்சலூட்டுகிறது என்றீர்களே, அது இரண்டாவது.

ஆனால் எல்லாவற்றையும் இந்தப் பெயருக்குள் போட்டுவிடாதீர்கள். களைப்பு என்று என்னிடம் வரும் பெண்களில் நிறையப் பேருக்கு இரத்தச்சோகையோ தைராய்டோ இருக்கிறது. முதலில் ஒரு இரத்தப் பரிசோதனை. தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பே இல்லை, சாவதைப் பற்றி நினைப்பு வருகிறது என்றால் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

நேரக் கணக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021ல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் வெளியிட்ட ஆய்வுப்படி, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய இரத்தக்குழாய் அடைப்பால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். உங்கள் சைட் நேரத்தோடு ராத்திரி மீட்டிங்கையும் ரீல்ஸ் எடிட்டிங்கையும் ஞாயிற்றுக்கிழமை நடையையும் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலானோர் இதையெல்லாம் வேலையாகவே எண்ணுவதில்லை.

கேமராக்கண்

எல்லோரும் ஓய்வெடு ஓய்வெடு என்கிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். குடும்பப் பெயரோ பணமோ பின்னால் இல்லாதவர்களுக்கு ரீல்ஸ்தான் வாசல். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் ஏறியாயிற்று, சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் படித்துவிட்டு இங்கே வேலை தேடி வருகிற ஆட்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் வாயை மூடினால் அந்த இடத்தில் வேறொருவர் பேசுவார், அவருக்குச் சுண்ணாம்புக்கும் வெள்ளைச் சிமெண்டுக்கும் வித்தியாசம் தெரியாவிட்டாலும் அவர்தான் நிபுணர். திறமை இருந்தால் தானாக வரும் என்பதெல்லாம் ஏற்கெனவே வந்தவர்கள் சொல்வது.

தினமும் வேண்டாம், சரி. ஒருநாள் உட்கார்ந்து மாதத்துக்கானதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்புச்சுவர் (காரைக்குடி)

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் சார், நீங்கள் சொன்னபடி கூட்டிப் பார்த்தேன், எண்ணை இங்கே எழுத மனசு வரவில்லை.

கேமராக்கண், உங்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது, அதனால் என் என்குயரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு யார் எந்த வழியாக வந்தார்கள் என்று பார்த்தேன். ரீல்ஸ் பார்த்து வந்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ப்ராஜெக்டுக்கு உதவி கேட்கும் மாணவர்கள், "சும்மா ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்கம்மா" என்று கூப்பிடும் வீட்டுக்காரர்கள், "எங்களோட சேர்ந்து பண்ணலாமே" என்கிற விடுதிகள். அக்ரிமெண்ட் போட்டு வேலையாக முடிந்தது பெரும்பாலும் வேறு வழியாக வந்தது. முன்பு வேலை செய்த வீட்டின் பங்காளி ஒருவர் தன் தாய்வீட்டுக்குச் சொன்னது, முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் விற்பவர் ஒருவர் சொல்லி அனுப்பியது, மேஸ்திரி சொன்னது, இப்படி. ஒரே ஒரு பெரிய வேலை மட்டும் ரீல்ஸ் வழியாக வந்தது, அதையும் மறைக்கக் கூடாது.

இன்னொரு விஷயமும் கேட்க வேண்டும். "சாதனைப் பெண்மணி விருதுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டவும்" என்று மெசேஜ் வந்திருக்கிறது. ஷீல்டும் சால்வையும் தருவார்களாம். வாங்கலாமா?

ஓய்வூதிய வாத்தியார்

வாங்காதீர்கள். காசு கட்டினால் கௌரவ டாக்டர் பட்டம்கூட வாட்ஸ்அப்பில் வருகிறது. பட்டம் கொடுக்கச் சட்டப்படி உரிமையுள்ள பல்கலைக்கழகங்களின் பட்டியல் பல்கலைக்கழக மானியக் குழுவிடம் இருக்கிறது, மற்றவை எல்லாம் வெறும் தாள். விருதும் அப்படித்தான். தேர்ந்தெடுத்தவர்கள் யார், உங்கள் தொழில் தெரிந்த ஒருவராவது அந்தக் குழுவில் உண்டா என்று கேளுங்கள். பதில் வராது.

நான் கேட்க நினைப்பது வேறு. உங்களுக்கு யாரிடம் பெயர் வேண்டும்? கொத்தனார்களிடமா, வீட்டுக்காரர்களிடமா, கல்லூரிக்காரர்களிடமா, டூரிஸ்ட்டிடமா? நாலு பேரும் நாலு விஷயத்தைப் பார்த்து மதிப்பவர்கள். நாலையும் ஒருசேரத் துரத்தினால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

பேரேடு

அம்மா, நான் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவன். என் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனவர், அதாவது செட்டியார் வட்டிக்கடை வேலைக்கு. அந்தக் கடைகளின் ஏற்பாட்டை நினைத்துக்கொண்டேன், அதனால் எழுதுகிறேன்.

பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேருவான். கூட்டுவது, எடுத்துக் கொடுப்பது, கணக்கு எழுதிப் பழகுவது. அப்புறம் அடுத்தாள். அப்புறம்தான் மேலாள், கடையை நடத்துகிற ஏஜெண்டு. ஒரு தடவை போனால் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. அது முடிந்ததும் அடுத்த ஏஜெண்டு கப்பலேறி வந்து பேரேட்டைப் பார்த்து, கொடுக்கல் வாங்கலைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்வார், முன்னவர் ஊர் திரும்பி இங்கே தங்குவார், பிறகு வேண்டுமானால் அடுத்த கணக்குக்குப் போவார். வாடிக்கைக்காரருக்குத் தெரிந்தது விலாசம், அதாவது கடையின் பெயர். உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள் மாறினாலும் வாக்கு மாறாது என்பதுதான் மதிப்பு.

இதை ரொம்பவும் கொண்டாட வேண்டாம். மூன்று வருஷம் பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்காமல் கிடந்தார்கள், இங்கே வளவு வீடுகளில் ஆச்சிமார் தனியாகப் பட்ட பாட்டை யாரும் பேரேட்டில் ஏற்றவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். திரும்பி வருகிற நாள் போகும்போதே பேசி முடிக்கப்பட்டது. களைத்துப் போனேன், லீவு கொடுங்கள் என்று யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. நீங்கள் அக்ரிமெண்ட் போடும்போது முடிகிற தேதி எழுதுகிறீர்கள் அல்லவா, அடுத்த வேலை தொடங்கும் தேதிக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விட்டு எழுதுகிறீர்களா?

கேமராக்கண்

ஐயா அருமை. ஆனால் அது முதலாளி வைத்த ஏற்பாடு, மாற்றாள் கப்பலில் வருவார். இவருக்கு யார் வருவார்? எல்லா வீட்டுக்காரரும் "நீங்களே வரணும்" என்பார்கள்.

கொத்தனார் மகன் (ஆத்தங்குடி பக்கம்)

இந்த "நீங்களே வரணும்" என்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எங்கப்பா சுண்ணாம்புக் கொத்தனார். கடைசிப் பூச்சை முட்டை வெள்ளைக்கருவும் நைசாக அரைத்த சுண்ணாம்பும் போட்டு இழைத்துக் கூழாங்கல்லால் தேய்த்தெடுத்தால் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு கை. இந்தப் பக்கத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்வார்கள். ஆனால் வீட்டுச் சுவரில் எங்கேயும் அவர் பெயர் இல்லை, கட்டியவர் பெயர்தான் முகப்பில் இருக்கும், அது எப்போதும் அப்படித்தான். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவோடு நாலு பேர் வேலை செய்தார்கள், நாலு பேருமே நல்ல வேலைக்காரர்கள். ஆனால் கடைசிப் பூச்சு மட்டும் அப்பாதான் போடுவார். வீட்டுக்காரர் அதைத்தான் கேட்பார், அப்பாவுக்கும் அது பெருமை. சுண்ணாம்பு கையை அரித்துவிடும், தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் இறங்குவார்கள், அப்படியும் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கும். சாரத்தில் ஏற முட்டி விடாத வயசு வந்த பிறகும் அவரே ஏறினார், ஏனென்றால் மற்றவர் கையை நம்ப ஊரை அவர் பழக்கவே இல்லை. அவர் நின்றதும் வேலையும் நின்றது. அந்த நாலு பேரில் இரண்டு பேர் இப்போது சிமெண்ட் வேலைக்குப் போகிறார்கள்.

மேடம், முதல் நாளே ஜூனியரை முன்னால் நிறுத்துங்கள். "இவர்தான் உங்கள் வீட்டுக்குப் பொறுப்பு, நான் இந்தந்தக் கட்டத்தில் வந்து பார்ப்பேன்" என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாதி வேலையில் ஆளை மாற்றினால் ஏமாற்றியதாக நினைப்பார்கள். தொடக்கத்தில் சொன்னால் முறை என்று எடுத்துக்கொள்வார்கள்.

அப்புறம் டூரிஸ்ட் நடை பற்றி. ஆத்தங்குடிக் கல் போடும் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர்க் கலவை ஊற்றும்போது கை நடுங்கக்கூடாது, அந்த நேரத்தில் பத்துப் பேர் சுற்றி நின்று போட்டோ எடுத்தால் வேலை கெடும். தெரிந்த பட்டறை ஒன்றில் பார்க்க வருவதற்கு நேரம் ஒதுக்கிவிட்டார்கள், மற்ற நேரத்தில் வந்தால் காய்ந்து அடுக்கியிருக்கும் கல்லைப் பார்த்துவிட்டுப் போகலாம். யாரும் சண்டை போடவில்லை.

சுண்ணாம்புச்சுவர் (காரைக்குடி)

தம்பி, உங்கள் அப்பா யாராக இருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, சொல்ல மாட்டேன். அவர் கைபட்ட சுவர் ஒன்றை நான் ஓதம் நீக்கித் தந்திருக்கிறேன். பூச்சில் குறை ஒன்றும் இல்லை, பின்னால் வந்த யாரோ அடியில் சிமெண்ட் பூசியதால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி அங்கே உப்புப் பூத்திருந்தது.

ஆடிட்டர் ஒருத்தர்

எங்கள் தொழிலில் விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதற்கு 1949 பட்டயக் கணக்காளர் சட்டத்திலேயே கட்டுப்பாடு. ரீல்ஸ் போட்டுப் பெயர் வாங்கும் வழி எங்களுக்கு இருந்ததே இல்லை. அப்படியும் சில ஆடிட்டர்களை ஊருக்கே தெரிகிறது, சிலரைப் பக்கத்துத் தெருவுக்குத் தெரியவில்லை. எப்படி என்று நான் பார்த்தவரை சொல்கிறேன்.

ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். என் சீனியர் பிடித்தது பங்காளிச் சொத்து. பூர்வீக வீட்டை விற்கும்போது ஒரு பங்கு வெளிநாட்டில் இருப்பவருடையது என்றால், வாங்குபவர் எவ்வளவு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிக்க வேண்டும், மூலதன ஆதாயம் எப்படிக் கணக்குப் போடுவது, பணத்தை எப்படி வெளியே அனுப்புவது என்று ஆயிரம் கேள்வி வரும். இந்தப் பகுதியில் அந்தக் கேள்வி வராத வீடு இல்லை. எல்லோரும் ஒரே ஏழெட்டுக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் அதையெல்லாம் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி, தேதி போட்டு, யார் கேட்டாலும் கொடுத்தார். கீழே அலுவலகப் பெயர் மட்டும். அந்தத் தாள் கோலாலம்பூர் வரை போய்விட்டது. இப்போது போன் செய்பவர்கள் தாளைப் படித்துவிட்டு ஒன்பதாவது கேள்வியைத்தான் கேட்கிறார்கள். பெயரும் வந்தது, ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிற வேலையும் போனது. சட்டம் மாறும்போது தாளைத் திருத்துவார், அவ்வளவுதான் அவருடைய விளம்பரம்.

ஜூலை 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31 என்று எங்களுக்குக் கடைசித் தேதிகள் வரிசையாக வரும், அந்தக் காலத்தில் ஓய்வு என்று பேசினால் சிரிப்பார்கள். அதனால் அந்த மாதங்களில் அவர் எந்தக் கூட்டத்திலும் பேச ஒப்புக்கொள்வதில்லை. நவம்பரில் கூப்பிடுங்கள் என்பார். அழைத்தவர்கள் நவம்பருக்குக் கூட்டத்தைத் தள்ளி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இலவச விசிட் பற்றி. நிறுத்துங்கள். ஊர்க்காரர் என்பதால் கட்டணம் கேட்கக் கூச்சமாக இருக்கும், தெரியும். ரசீதோடு வாங்குங்கள், வேலை உங்களிடம் வந்தால் பில்லில் கழித்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.

தேன்குழல் (தேவகோட்டை)

காசு கேட்டால் "அந்தப் பொண்ணு ரொம்பக் கறார்" என்று பேசுவார்கள், அதே காசை ஆம்பளை கேட்டால் "அவர் பெரிய என்ஜினியர்" என்பார்கள். இதையும் கணக்கில் வைத்துக்கொண்டு யோசனை சொல்லுங்கள் ஆடிட்டர் சார்.

ஆடிட்டர் ஒருத்தர்

நியாயமான குத்து. எழுதி ஒட்டிவிடுங்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. வாயால் கேட்டால் ஆளைப் பேசுவார்கள், அச்சடித்த கட்டணப் பட்டியலைக் காட்டினால் அலுவலக வழக்கம் என்று போய்விடுவார்கள். முழுசாகத் தீராது, ஒத்துக்கொள்கிறேன்.

ஓய்வூதிய வாத்தியார்

ஆடிட்டர் சொன்ன தாளை நான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன்.

சுண்ணாம்பு மெதுவாக இறுகும் பொருள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு மாதங்களும் ஆகும், வருஷங்களும் ஆகும். பூசி முடித்த அன்று பளபளவென்று எடுத்த படத்தை எல்லோரும் போடுகிறார்கள், அதில் சிமெண்ட் வேலையும் அழகாகத்தான் தெரியும். ஐப்பசி கார்த்திகை மழை இரண்டு தாண்டிய பிறகு அதே சுவர் எப்படி இருக்கிறது என்ற படத்தை யாராவது போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, மழை ஓய்ந்த தை மாதத்தில், முன்பு வேலை செய்த வீடுகளை வரிசையாகப் போய்ப் பாருங்கள். எது நின்றது, எது பெயர்ந்தது, என்ன கலவை, சுவர் எந்தத் திசை பார்த்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, எல்லாவற்றையும் வீட்டுக்கு இரண்டு பக்கம் எழுதுங்கள். பெயர்ந்ததையும் எழுதுங்கள், முக்கியமாக அதை. பத்து வீட்டுக்கு அப்படி எழுதி வைத்திருக்கும் ஆளோடு ரீல்ஸ் போடுகிறவர் எப்படிப் போட்டி போடுவார்? கல்லூரியில் பேசக் கூப்பிட்டாலும் அதை எடுத்துக்கொண்டு போனால் போதும், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தயார் செய்ய வேண்டாம். இதை வருஷத்தில் ஒரு மாதம் செய்தால் மற்ற பதினொரு மாதமும் அதுவே உங்களுக்காகப் பேசும்.

ஓட்டல் விஷயத்துக்கு, பெயர் போடுவதை அக்ரிமெண்டில் ஒரு வரியாகச் சேருங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் தயவு கேட்பது போல ஆகிவிடும்.

கேமராக்கண்

வாத்தியார் சொன்ன மழைக்கு அப்புறமான படம், ஐயோ, அதுதான் ரீல்ஸ். நானே வந்து எடுத்துத் தருகிறேன், காசுக்கு.

கோட்டையூரான்

நான் முதலில் எழுதியதற்குத் திட்டினீர்கள், பரவாயில்லை. ராத்திரி மீட்டிங் பற்றி வீட்டுப் பங்காளியாக ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒன்பது பங்கு. முன்பு என்ஜினியர் எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசுவார், ஆளுக்கு ஒன்று சொல்வோம், அவர் பைத்தியமாகிப் போவார். இப்போது நாங்களே ஒருவரை நியமித்து எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம், அவர் பேசுவதுதான் முடிவு. எங்களுக்குள் சண்டை எங்கள் குரூப்பில். இதை நீங்கள் நிபந்தனையாகக் கேளுங்கள் தங்கச்சி. கேட்டால் கொடுப்பார்கள், இதுவரை யாரும் கேட்காததால் கொடுக்கவில்லை.

தேன்குழல் (தேவகோட்டை)

அண்ணே, இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே!

சுண்ணாம்புச்சுவர் (காரைக்குடி)

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று வந்தது, மாத்திரை சாப்பிடுகிறேன், டாக்டர் சாருக்கு நன்றி. ஆனால் எல்லாம் அதனால்தான் என்று முடித்துவிட முடியாது.

கோட்டையூர் அண்ணன் சொன்னதைத்தான் முதலில் செய்தேன். நடந்துகொண்டிருந்த வீடுகளில் ஒன்று உடனே ஒத்துக்கொண்டது. இன்னொரு வீட்டில் யார் அந்த ஒருவர் என்பதில் பங்காளிகளுக்குள் தகராறாகி வேலை நின்றிருக்கிறது. முன்பென்றால் நான் போய்ச் சமாதானம் பேசியிருப்பேன், இந்தத் தடவை பேசவில்லை. மூன்றாவது வீடு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று போய்விட்டது, அது பணத்தில் வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நடையை விட்டுவிட்டேன். வாத்தியார் கேட்ட கேள்விக்கு உடனே பதில் வந்தது, டூரிஸ்ட்டிடம் எனக்குப் பெயர் வேண்டாம், கொத்தனார்களிடமும் வீட்டுக்காரர்களிடமும்தான் வேண்டும். கல்லூரிப் பேச்சு வைகாசி, ஆனியில் மட்டும் என்று வைத்தேன், அப்புறம்தான் அப்போது பெரும்பாலும் கல்லூரிக்கு லீவு என்று உறைத்தது, அதை இன்னும் யோசிக்க வேண்டும். ரீல்ஸை முழுசாக விட மனசில்லை, அதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. போட வேண்டிய நாள் என்று ஒன்று இல்லாமல், தோன்றினால் போடுகிறேன். விருதுக்காரர்களிடம் தேர்வுக் குழுவில் யார் என்று கேட்டேன், நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

வீட்டுக்காரர் கேள்வித் தாள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சுண்ணாம்புச் சுவரில் எமல்ஷன் பெயிண்ட் அடிக்கலாமா, ஓட்டையைச் சிமெண்ட்டால் அடைக்கலாமா, பூச்சு காய எவ்வளவு நாள், இந்த மாதிரி. தை மாதம் வீடு வீடாகப் போகும்போது ஜூனியரும் வருவார், குறிப்பு அவர்தான் எழுதுவார், தாளில் அவர் பெயரும் இருக்கும். கொத்தனார் மகனுக்கு, அந்த இரண்டு பக்கத்தில் பூச்சு வேலை செய்தவர் பெயருக்கு ஒரு வரி வைத்திருக்கிறேன்.

கொத்தனார் மகன் (ஆத்தங்குடி பக்கம்)

பார்த்தேன் மேடம். அப்பாவிடம் சொன்னேன். "பழைய வீடுகளுக்கும் போடுவாங்களா" என்று கேட்டார்.

சுண்ணாம்புச்சுவர் (காரைக்குடி)

போடுவோம் தம்பி. எந்தெந்த வீடு என்று அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள்.

பள்ளத்தூர் வளவு

இதே இழையில் கேட்கலாமா தெரியவில்லை. எங்கள் பட்டாலை (முன்கூடம்) சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துப் பூச்சு உதிர்கிறது. போன மழையில் அதிகமாகிவிட்டது. நீங்கள் எப்போது வந்து பார்க்க முடியும்? ஒரே ஊர்ப் பக்கம்தான், பார்த்துச் செய்யுங்கள்.

சுண்ணாம்புச்சுவர் (காரைக்குடி)

அண்ணே, நாங்கள் வந்து பார்க்கும்வரை அங்கே சிமெண்ட் பூசவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம். உதிர்வதை கம்பி இல்லாத காய்ந்த நார் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், உப்பு மறுபடி உள்ளே போகும். சுவருக்கு வெளிப்பக்கம் மழைத்தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதா, தரைமட்டம் பிற்பாடு உயர்த்தப்பட்டதா என்று பார்த்து இரண்டு போட்டோ அனுப்புங்கள். எங்கள் ஜூனியர் வியாழக்கிழமை வருவார், அன்று ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம். விசிட் கட்டணம் 2,000 ரூபாய், வேலை எங்களுக்கு வந்தால் பில்லில் கழித்துவிடுவோம். உங்கள் வீட்டில் எத்தனை பங்கு, முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் வருவதற்கு முன்னால் எழுதி அனுப்பிவிடுங்கள்.